மேப்பிளுக்கு ஊற்றிய மீன் தண்ணீர்

வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. வேலை என்னை விட்டபாடில்லை. காலையில் தேநீரோடு உட்கார்ந்தால் கைபேசி கிணுங்கும். லண்டனில் ஹரோவிலிருந்தோ பிளேஸ்டோவிலிருந்தோ யாரோ ஒருவர் ஒரு படம் அனுப்பியிருப்பார். சிவப்பு இலை, ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருக்கும். கீழே ஒரு வரி: "அண்ணை, எங்கட மேப்பிள். என்ன செய்யலாம்?"

இப்போது எங்கள் ஆட்களின் வீட்டு முன்றல்களில் யப்பான் மேப்பிள் வைப்பது ஒரு மோஸ்தராகிவிட்டது. முன்பு ரோசா வைத்தார்கள், பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கல் பதித்தார்கள், இப்போது கல்லைப் பெயர்த்து மேப்பிள் வைக்கிறார்கள். நான் வேலை செய்த கம்பனியில் எனக்குப் பின் சேர்ந்தவர்களும் படம் அனுப்புவார்கள். "தெரிஞ்சதை எல்லாம் ஒருக்கா எழுதி வையுங்கோவன்" என்று அவர்களில் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் அவள் எதிர்பார்க்கிற மாதிரி இது இருக்காது.

படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மரத்துக்கு என்ன ஊத்துறியள்?"

"தண்ணிதான் அண்ணை."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

பிறகு ஒரு சிரிப்புச் சத்தம் வரும். "இடைக்கிடை மீன் கழுவின தண்ணி..."

அதை நிறுத்தச் சொல்வேன். ஏன் அதை முதற்கேள்வியாகக் கேட்கிறேன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஊரில் நான் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையம், பலசரக்குக் கடை, பேக்கரி என்று நாலைந்து இடத்தில் நின்று, கடைசியில் வடமேற்கு லண்டனில் தோட்டம் பராமரிக்கும் ஒரு சிறிய கம்பனியில் போய் ஒட்டிக்கொண்டேன். முதல் வருடம் புல் வெட்டினேன். இரண்டாம் வருடம் வேலி மரம் கத்தரித்தேன். மூன்றாம் வருடம் முதலாளி டெரிக் என்னை மரங்களுக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார். படித்தது அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுக்கு வெளியே நான் தோட்டக்காரன் இல்லை. பிளேஸ்டோவில் அப்போது இருந்தேன். "தம்பி எங்க வேலை?" என்று கேட்டால், "ஒரு லாண்ட்ஸ்கேப் கம்பனியில" என்பேன். அந்த இங்கிலிஷ் சொல்லில் ஒரு கந்தோர் வாசனை இருந்தது. கேட்டவர்கள் நான் கொம்பியூட்டருக்கு முன் உட்கார்ந்து படம் கீறுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் மறுக்கவில்லை. காலையில் மடிப்புக் கலையாத சேட்டும் காற்சட்டையுமாக வெளிக்கிட்டு, கம்பனி வளவில் உடுப்பு மாற்றி, பூட்ஸ் போடுவேன். கலியாண வீடென்றால் முதல் நாளே எலுமிச்சந்தோலால் நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். மனைவி பார்த்துவிட்டு, "களவெடுத்தவன் மாதிரி ஏன் இந்தப் பாடு?" என்று நக்கலடிப்பாள். எனக்குக் கோபம் வரும்.

டெரிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகன்ற உடம்பு, சிறிய குரல். ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம். எந்த மரத்தடிக்குப் போனாலும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு: முதல் ஐந்து நிமிடம் கை சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும். கத்தரியைத் தொடக்கூடாது. மரத்தை இரண்டு தரம் சுற்றி வர வேண்டும், ஒருதரம் இடப்பக்கமாக, ஒருதரம் வலப்பக்கமாக. பிறகு குந்தியிருந்து அடிமரத்தைப் பார்ப்பார். வேர் பிரிகிற இடம் மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்று விரலால் கிண்டுவார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கி மூக்கில் வைப்பார். அதன் பிறகுதான் கத்தரி வெளியே வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் அலகைத் துடைப்பார். "போன மரத்தின் வியாதியை இந்த மரத்துக்குக் கொண்டுவராதே" என்பார்.

யப்பான் மேப்பிளில் அவர் கொஞ்சம் பைத்தியம். அதைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தந்தது. குழியை அகலமாக வெட்டு, ஆழமாக வெட்டாதே. பசளை போட்டுக் குளிப்பாட்டாதே, உக்கிய இலைச்சருகு போதும், அதுவும் அடிமரத்தைத் தொடக்கூடாது. மத்தியான வெயிலும் கிழக்குக் காற்றும் படாத இடமாகப் பார். கத்தரிப்பதென்றால் இலை எல்லாம் கொட்டிய பின், புது வருடத்துக்கு முன். மாசி மாதத்தில் வெட்டினால் சாறு வடியும், ஒரு கிழமைக்கு நிற்காது. ஒரே நாளில் காற்பங்குக்கு மேல் எடுக்காதே. எல்லாவற்றையும்விட, மரம் வாடினால் முதலில் ஏதாவது கொடுக்க ஓடாதே. அது என்ன வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் தவறினேன்.

ஹரோவில் அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போனது ஓர் இலையுதிர் காலம். டெரிக் தெருவில் நிறுத்திய கம்பனி வானிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். நான் போய் மணியை அடித்தேன். அடித்த பிறகுதான் கதவு நிலையில் தொங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைக் கண்டேன். எங்கள் ஆட்களின் வீடு. ஓடவும் முடியாது. கதவு திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கையில் கைபேசி, அதில் யாரோ தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பிறகு எடுக்கிறன் பிள்ளை. தோட்டக்காரன் வந்திட்டான்" என்று சொல்லிவிட்டு அவர் கைபேசியை வைத்தார்.

வந்திட்டான்.

அந்த 'ஆன்' எனக்கு எங்கே பட்டது என்று இன்றும் காட்ட முடியும். கந்தோரில் இருந்த காலத்தில் காணி உறுதியோடு வருகிறவர்கள் என்னை 'ஐயா' என்பார்கள். வாத்தியாரின் மகன் என்பதால் ஊரில் ஒருவரும் என்னை 'வந்திட்டான்' என்று சொன்னதில்லை. அந்த அம்மா என்னைக் கண்டு சொல்லவில்லை. மணியடித்தவனைச் சொன்னார், அவ்வளவுதான். நானும் ஊரில் எங்கள் வீட்டுக்கு வேலி அடைக்க வந்தவரை அப்படித்தான் சொன்னேன். அது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீர் தமிழோ?"

"சொறி மேடம்" என்றேன். "நோ டமில். மொரீசியஸ்."

எங்கிருந்து வாயில் வந்ததோ தெரியாது. பேக்கரியில் ஒரு மொரீசியஸ்காரர் என்னோடு வேலை செய்தார். எங்களைப் போலவே முகம், பெயரும் எங்கள் பெயர்தான், தமிழ் மட்டும் தெரியாது. அவருடைய ஊரை நான் களவாடிக்கொண்டேன். அந்த அம்மா, "ஓ, ஓகே" என்று சொல்லிப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

பின்வளவில்தான் அந்த மேப்பிள் நின்றது. என் தோளளவு உயரம், அகலம் அதைவிட அதிகம். கிளைகள் குடைபோலக் கவிழ்ந்து நிலத்தைத் தொடப் பார்த்தன. அந்தக் கிழமை அதன் இலைகள் நெருப்பு நிறமாக இருந்தன. டெரிக் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்குப் பதிலாகப் பத்து நிமிடம் நின்றார். வீடு வாங்கிய வருடம் தன் கணவர் வைத்த மரம் என்றும், அவர் காலமாகி எட்டு மாதம் என்றும், அவர்தான் இதைப் பார்த்தவர், தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் அந்த அம்மா இங்கிலிஷில் சொன்னார். இரண்டு கிழமைக்கு ஒருதரம் நாங்கள் வருவதாக ஏற்பாடாயிற்று. மரங்களுக்கு டெரிக், மற்றதற்கெல்லாம் நான்.

அவருடைய பெயர் புனிதம். அவர் சொல்லவில்லை. கைபேசியில் தங்கச்சி "புனிதமக்கா" என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கனடாவில் இருந்த அந்தத் தங்கச்சியோடு அவர் கைபேசியைக் குசினி யன்னல் கட்டில் நிறுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைத்தபடி கதைப்பார். யன்னலுக்குக் கீழேதான் பூப்பாத்தி. நான் அங்கே களை பிடுங்கிக்கொண்டிருப்பேன். எனக்குத் தமிழ் தெரியாதுதானே, அதனால் எல்லாம் கதைப்பார்.

மகன் வீட்டை விற்கச் சொல்கிறான் என்று கதைப்பார். மகன் வங்கியில் வேலை, கெட்டவனில்லை, தாய் தனியாக இவ்வளவு பெரிய வீட்டில் ஏன் என்பது அவன் கேள்வி. ஒருநாள் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அந்த மரம் நிக்கும்மட்டும் நான் இந்த வீட்டை விட்டு அசையமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அவன்ர அப்பா வைச்ச மரமெல்லே. அவனும் ஓம் எண்டிட்டான்."

"மரம் எத்தினை வரியத்துக்கு நிக்கும் அக்கா?"

"நூறு வரியம் நிக்குமாம். வெள்ளைக்காரன் சொன்னவன்."

இருவரும் சிரித்தார்கள். கீழே குனிந்திருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. டெரிக்கும் 'ஆன்'தான் என்று அறிந்ததில் எனக்கு ஒரு சின்னத் திருப்தியும் வந்தது.

அடுத்த வருடம் ஆனியில் ஒரு கிழமை வெயில் எரித்தது, கூடவே வறண்ட காற்று. மேப்பிளின் ஓரங்கள் கருகின. அது மேப்பிளுக்கு வருவதுதான். நிழல் கொடுத்து, ஆழமாகத் தண்ணீர் விட்டு, பேசாமல் இருந்தால் அடுத்த சித்திரையில் சரியாகிவிடும். டெரிக் அதைத்தான் அந்த அம்மாவுக்குச் சொன்னார். பேசாமல் இருப்பதுதான் எங்கள் ஆட்களுக்கு முடியாத காரியம்.

இரண்டு கிழமை கழித்துப் போனேன். யன்னலுக்குக் கீழே மண் கிளறிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு சட்டியோடு பின்கதவால் வந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மேப்பிளடிக்குப் போனார். சட்டியைச் சரித்து மெதுவாக ஊற்றினார். ஊற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு விளைமீன். உங்கட பங்கு."

எனக்கு நிமிர்ந்து பார்க்கவே கூசியது. புருஷனோடு கதைக்கிற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவருக்கோ நான் அந்த வேலியைப் போல, செவியில்லாத ஒரு சாமான்.

அன்று கைபேசியில் தங்கச்சிக்குச் சொன்னார். "ஊரில முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இதைத்தானே ஊத்தினனாங்கள். என்ன மாதிரிச் சடைச்சது! உப்பும் மஞ்சளும் போட்டு அலசின தண்ணி, அப்பிடியே ஊத்துறன். மகன் வாற சனிக்கிழமையில மட்டும்தான் முந்தி மீன் எடுக்கிறனான். இப்ப மரத்துக்காக ஒவ்வொரு நாளும் எடுக்கிறன், நம்புவியோ?"

உப்பு. உப்பு மேப்பிளுக்கு நஞ்சு. ஒருதரம் இரண்டுதரம் ஊற்றினால் தாங்கும். ஒவ்வொரு நாளும் ஊற்றினால் உப்பு வேரடியில் இறங்கி இறங்கி நின்றுவிடும். முதலில் இலையோரம் கருகும். கருகினதைக் கண்டு இன்னும் ஊற்றுவார்கள். இன்னும் கருகும்.

எழுந்து, "அம்மா, அதை ஊத்தாதையுங்கோ" என்று சொல்ல ஐந்து வினாடி போதும். நான் வாளியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனேன்.

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். செய்ததெல்லாம் சுற்றுவழி. இங்கிலிஷில் கேட்டேன், "மேடம், மரத்துக்கு ஏதாவது போடுகிறீர்களா?" என்று. அவர் உடனே, "நோ, நோ. ஒன்லி வாட்டர்" என்றார். முகத்தில் ஒரு சின்னக் கலவரம். பிறகு தங்கச்சிக்குச் சொல்லும்போதுதான் விஷயம் விளங்கியது. "மொரீசியஸ்காரன் கேட்டவன். நான் ஒண்டும் ஊத்திறேல்லை எண்டு சொல்லிப்போட்டன். மீன் தண்ணி எண்டு இவன் போய்ச் சொன்னா வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்? நாத்தம் பிடிச்ச சனம் எண்டு நினைப்பான்." அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். நடுவில் மரம் நின்றது.

மீன் வாசனைக்கு நரி வரும் என்று ஒருதரம் இங்கிலிஷில் சொல்லிப் பார்த்தேன். நரி உண்மையாகவே வந்து வேரடியைக் கிண்டியிருந்தது. அவர் வேரடியைச் சுற்றிக் கம்பிவலை விரித்துவிட்டு, வலைக்கு மேலால் ஊற்றினார். போகிற நாட்களிலெல்லாம் மதியச் சாப்பாட்டை வானில் வைத்துவிட்டு, அந்த நேரத்தில் குழாயை மெல்லத் திறந்து வேரடியில் விடுவேன். உப்பைக் கழுவி இறக்க அது ஒன்றுதான் வழி. இரண்டு கிழமைக்கு ஒருநாள் நான் கழுவுவதை அவர் பதின்மூன்று நாளில் நிரப்பிவிடுவார்.

இரண்டாம் கோடையில் மரத்தின் ஒரு பக்கம் நுனியிலிருந்து காயத் தொடங்கியது. டெரிக் கிழக்குப் பக்கம் மூங்கில் தட்டி கட்டினார். சரிவரவில்லை. மண்ணை ஒரு சிறு பெட்டியில் போட்டுச் சோதித்தார். அந்தப் பெட்டி மண் புளிப்பா காரமா என்று சொல்லும், உப்பைச் சொல்லாது. பிறகு பென்சில் தடிப்பில் ஒரு கிளையைத் தெரிந்து, அலகைத் துடைத்து, சரிவாக வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பூஞ்சண வாடல் என்றால் உள்ளே கறுத்த வளையம் தெரியும். வெட்டுமுகம் வெண்ணெய் போலச் சுத்தமாக இருந்தது. இன்னொரு கிளை. அதுவும் சுத்தம். அவர் வெட்டிய துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வானில் ஏறினார்.

வான் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டார். "வியாதி இல்லை, காற்று இல்லை. யாரோ ஏதோ கொடுக்கிறார்கள். நீ எப்போதும் அந்த யன்னலுக்குக் கீழே நிற்கிறாய். உங்கள் பக்கத்து ஆட்கள்தானே. உனக்கு ஏதும் தெரியுமா?"

நான் மொரீசியஸ்காரன் ஆனது அவருக்கு முன்னமே தெரியும். "உங்கள் மொரீசியஸ் ஆள் நல்லவர்" என்று அந்த அம்மா ஒருதரம் அவருக்குச் சொன்னபோது, அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது உன் விஷயம்" என்று விட்டுவிட்டார்.

"தெரியாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். தொடக்கத்தில் என் மானம் ஒன்றுதான் காரணம். வாத்தியாரின் மகன் மண்வெட்டியோடு நிற்பது ஊருக்குத் தெரியக்கூடாது. ஆனால் அந்த இரண்டாம் கோடையில் அது போய்விட்டிருந்தது. யாருக்குத் தெரிந்தால் என்ன என்ற நிலைக்கு வந்துவிட்டேன். அப்போது வேறொன்று வந்து நின்றது. இப்போது தமிழ் தெரியுமென்று சொன்னால், இரண்டு வருடமாக அவர் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது என்று ஆகும். புருஷனுக்குச் சொன்னது, தங்கச்சிக்கு அழுதது, மருமகளைத் திட்டியது, ஒருநாள் மரத்தைப் பிடித்துக்கொண்டு "என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றது. இவ்வளவையும் ஒருவன் களை பிடுங்கியபடி கேட்டுக்கொண்டிருந்தான் என்று அவர் அறிவதை என்னால் நினைக்க முடியவில்லை. அவருக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். நான் பிடிபடப் பயந்தேன்.

அதற்குப் பிறகு அவர் உப்பையே அள்ளிப் போட்டார். "தென்னைக்கு உப்புப் போடுறதெல்லே. இதுக்கும் ரெண்டு கை போட்டு விட்டனான். அவர் எப்பிடியும் எழும்புவார்" என்று தங்கச்சிக்குச் சொன்னார். மரத்தை 'அவர்' என்றார். நான் அதையும் கேட்டுக்கொண்டு புல் வெட்டினேன்.

மூன்றாம் வருடம் சித்திரையில் மொட்டு வரவில்லை. டெரிக் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். கீழே பச்சை இருக்க வேண்டும். நுனியில் பழுப்பு, நடுவில் பழுப்பு, அடிமரத்திலும் பழுப்பு. அந்த அம்மாவுக்காகக் கார்த்திகை வரை விட்டு வைத்தார். இனி வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மரத்தை எடுக்கப் போன நாள் மகனும் வந்திருந்தான். நான் கிளைகளை அறுத்து இறக்கினேன். டெரிக் அலவாங்கால் வேரைக் கிளப்பினார். அந்த அம்மா வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் கடலை வடையும் தேநீரும் யன்னலால் நீட்டினார். கைபேசி யன்னல் கட்டில் இருந்தது. என் கையில் தட்டைத் தந்துகொண்டே தங்கச்சிக்குச் சொன்னார்.

"ஓம், வந்திருக்கினம். அந்த மொரீசியஸ்காரரும் வந்திருக்கிறார். நல்ல மனுசன் பிள்ளை. சாப்பிடாமல் கொள்ளாமல் நிண்டு மரத்துக்குத் தண்ணி விட்டவர். நான் யன்னலுக்குள்ளால பாத்தனான். பாவம், ஒரு சொல்லுத் தமிழ் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒருத்தரோடயாவது கதைச்சிருப்பன்."

வந்திருக்கிறார் என்றார். மூன்று வருடத்துக்கு முன் ஓர் எழுத்துக்காக நான் ரோசப்பட்டேன். அந்த எழுத்தை அவர் இப்போது தாமாகவே எனக்குத் தந்தார். "தாங்க் யூ, மேடம்" என்றேன். அப்போதும் வாய் தமிழுக்குத் திறக்கவில்லை.

வேர் வெளியே வந்ததும் டெரிக் குழிக்குள் குந்தி ஒரு பிடி மண்ணை எடுத்தார். கசக்கினார், மணந்தார். விரலிடையில் பளபளவென்று ஏதோ ஒட்டியிருந்தது. மீன் செதில். இன்னும் கொஞ்சம் கிளறினார், செதில் அடுக்கடுக்காக இருந்தது. நுனி நாக்கில் மண்ணை வைத்துத் துப்பினார். பிறகு தலையைத் தூக்கி யன்னலைப் பார்த்தார், யன்னலுக்குக் கீழே பூப்பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரிந்திருந்தது" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

நான் குனிந்து அறுத்த கிளைகளைக் கட்டினேன். அவர் அந்த அம்மாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வயதான மரம், சில நேரம் இப்படித்தான் என்று சொல்லிக் குழியை மூடினார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த கிழமை தொடக்கம் என்னை எந்த மேப்பிளுக்கும் அவர் கூட்டிப் போகவில்லை. நான் ஓய்வு பெறும்வரை புல்லும் வேலியும்தான் பார்த்தேன். ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

தை மாதம் ஹரோவில் வேறு வேலைக்குப் போகும்போது அந்தத் தெருவால் போனோம். வீட்டின் முன்னால் 'விற்பனைக்கு' என்ற பலகை நின்றது. டெரிக் வானின் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. தோட்டக்காரர் என்றால் எங்கள் ஆட்களிடம் ஒரு மதிப்பு. நான் மகளோடு இல்ஃபோர்டில் இருக்கிறேன், நகக்கண்ணை எலுமிச்சையால் தேய்ப்பதில்லை. போன இலையுதிர் காலத்தில் ஹரோவில் ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காரர் கூப்பிட்டார்கள். முற்றத்தில் ஒரு மேப்பிள் நட்டு, பெற்றோருக்கு அதை வளர்க்கும் முறையைத் தமிழில் சொல்லித்தர வேண்டுமாம். மேடை, மைக், பொன்னாடை எல்லாம் இருந்தது. நானும் போய் ஏறினேன். குழியின் அகலம் சொன்னேன், காற்றுச் சொன்னேன், சருகு சொன்னேன். கை சட்டைப்பைக்குள் இருக்க வேண்டிய ஐந்து நிமிடம் சொன்னேன். நன்றாகத்தான் கதைத்தேன், எனக்கே என் தமிழ் பிடித்திருந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தார். "ஐயா, மீன் கழுவின தண்ணி ஊத்தலாமோ?"

மண்டபம் சிரித்தது. எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம், அதனால் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "ஊத்தக் கூடாது. அதில இருக்கிற உப்பு மேப்பிளைக் கொண்டுபோடும்" என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் நாலாவது வரிசையில் சிரிக்காத ஒரு முகத்தைக் கண்டேன். அந்த அம்மாதான். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் பேர்த்தியின் புத்தகப் பை. கையைப் பையின் மேல் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

மிச்சக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று தெரியாது. பொன்னாடையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இறங்கிப் போனேன். அவர் வாசலில் பேர்த்திக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். எத்தனை வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை.

"அக்கா" என்றேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு எல்லாம் தெரியும். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். வெக்கத்தில சொல்லேல்லை. உங்கட வீடும் போச்சு."

அவர் கோட்டின் கடைசிப் பொத்தானைப் பூட்டினார். நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"சொறி" என்றார். "நோ டமில்."

பேர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.